ஒன்பது ஆமாங்க

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! முதியோர் வகுப்புக்கு ஏழு மாதம் போன பலன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு, அவ படிச்சிடுவாளா?" என்கிறாள். ஒரு வரிக்குக் கால் மணி ஆனாலும் இந்தச் சந்தோஷமே தனி.

சின்னவள் விஷயத்தைப் போனில் சொல்ல வாய் எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள், குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு. அவள் புருஷன் தன் வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு, நானே கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தான். சட்டம் இடம் கொடுக்கிறதாம். சத்தம் போடவில்லை, அடிப்பதற்கு முன்னால் பேசுவானே, அந்தத் தணிந்த குரலில், "உன்ன நல்லாத்தானே வெச்சிருந்தேன்?" என்றான். இவள் குனிந்தபடி "ஆமாங்க" என்றாள். "நீயாத்தானே விழுந்து கைய ஒடச்சுக்கிட்ட?" என்றான், அதற்கும் "ஆமாங்க." ஒன்பது கேள்வி, ஒன்பது ஆமாங்க. இல்லை என்றால் என்ன கிடைக்கும் என்று ஆறு வருஷமாக அவள் உடம்புக்குத் தெரியும். எல்லாம் பதிவாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது, "நான் எதுக்குப்பா எல்லாத்துக்கும் ஆமான்னேன்? பாப்பாவ அவர்கிட்ட குடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள். பிறகு அவள் சொன்னதன் நகல் வந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஆம் ஆம் என்று வரிசையாக இருந்தது, படிக்கக் கற்றது இதற்குத்தானா என்று ஆகிவிட்டது.

நம் வக்கீலம்மா மனு போட்டு உத்தரவு வாங்கிவிட்டார். இனி அவன் கேள்வியை எழுதித்தான் கொடுக்க வேண்டும், ஜட்ஜே கேட்பார், நடுவில் திரை இருக்கும். முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாமாம், நமக்கு யார் சொன்னார்கள்? சொன்னதை அழிக்க முடியாது, ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவள்தான் அடுத்த மாதம் பத்தாம் தேதி வாய் திறந்து சொல்ல வேண்டுமாம். நேற்று அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றதற்கு, வயிறு நிறைந்தும் ஆமாம் என்று தட்டை நீட்டினாள்.

நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசும்போது, உன் தோட்டை எனக்குக் கொடுத்துவிடு என்று கேள். சரி என்பாள், விடாதே, சிரித்துச் சிரித்துத் திரும்பக் கேள், முடியாது போடி என்று அவள் வாயால் சொல்லும் வரைக்கும் கேள்.

நீங்கள் எல்லோரும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும்,
உன் அப்பா