கம்பியின் மறுமுனை

மார்ச் 4

கிடைத்தேவிட்டது. மாமா யாரிடமிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த விமான வரைபடக் கட்டில் முன் இறக்கை அத்தியாயத்தை மட்டும் காணோம். வரைந்தவர் விற்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் இணைய மன்றத்தில் 'வாத்துமடையன்' என்ற பெயரில் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். (எங்கள் விமான வகைக்குக் கனார்ட் என்று பெயர். பிரெஞ்சில் வாத்தாம். மடையன் என் சொந்தச் சரக்கு.) இன்று 'பல் டாக்டர்' என்கிற அக்கா முழுசையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். நிஜமாகவே பல் டாக்டராம். கூடவே ஒரு எச்சரிக்கை: "இறக்கைக்கு உள்ள வர்ற ஃபோமை அறுக்க ரெண்டு பேர் வேணும் தம்பி. தனியா அறுத்தா இறக்கை முறுக்கிக்கும்."

எஞ்சின் வாலில், குட்டி இறக்கை மூக்கில். "என் தம்பி மாதிரியே பின்பக்கமா யோசிக்குது" என்றாள் அம்மா. சீட் இரண்டு. முன்னால் மாமா, பின்னால் நான். வாக்கே கொடுத்திருக்கிறார்.

மார்ச் 9

அறுத்தோம். சூடேறிய கம்பி. ஒரு முனையில் மாமா, மறுமுனையில் நான். ஃபோமின் இரு பக்கமும் எண் போட்ட அச்சுப் பலகை. மாமா எண்ணைச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் அதே எண்ணைத் தாண்ட வேண்டும். ஒருத்தர் முந்தினால் இறக்கை கோணல். நடுவில் ஒரு சேட்டைகூடச் செய்யவில்லை. "உனக்குச் சும்மா இருக்கவும் தெரியுமாடா?" என்றார்.

ஏப்ரல் 2

ஃபோம் மேல் கண்ணாடித்துணி, அதை ஒட்ட ரெசின் பசை, காய்ந்ததும் தேய்ப்பு. உடம்பெல்லாம் அரிக்கிறது. விமானம் கட்டுவதில் பறப்பது கொஞ்சம், சொறிவதுதான் மிச்சம்.

ஏப்ரல் 19

மன்றத்தில் ஒரு விளம்பரம்: பாதி முடிந்த கனார்ட் விற்பனைக்கு. படத்தின் ஓரத்தில் ஒரு செருப்பு. அறுந்த வாரைப் பச்சை ஒயரால் கட்டிய செருப்பு.

என் செருப்பு.

மாமாவிடம் கேட்கவில்லை. 'கோழிப்பண்ணை முதலாளி' என்று புதுப் பெயர் வைத்து எழுதினேன். ஏன் விற்கிறீர்கள், முன் இறக்கை யார் வேலை?

ஏப்ரல் 20

கோழிப்பண்ணைக்குப் பதில் வந்துவிட்டது. 'டிசம்பரில் கண் பரிசோதனையில் தேறவில்லை. இனி லைசென்ஸ் கிடைக்காது. முன் இறக்கை முழுக்க நானே தனியாகச் செய்தது. சின்னப் பையன்கள் யாரையும் தொட விடவில்லை. நம்பி வாங்கலாம்.'

டிசம்பர். நாங்கள் அறுத்தது மார்ச்சில். அப்போ அந்தப் பின் சீட்டு — அது யாருக்கு விட்ட கதை மாமா? கண்ணு தேறலன்னா தேறலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நான் என்ன, சிரிச்சிருப்பேனா?

சரி, சிரிச்சிருப்பேன். ஒரு நாள். அதுக்கப்புறம்?

ஊரை ஏமாற்றுவது என் டிபார்ட்மெண்ட். அதிலும் கை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 21

பின் சீட்டுக்கு என்ன கலர் வேண்டும் என்று மாமா கேட்டார். கறுப்பு என்றேன்.

மே 4

வாங்க வந்தவர் மன்றத்துப் பெயரைச் சொன்னார்: பல் டாக்டர். என் முகம் அவருக்குத் தெரியாது. நாணயத்தால் முன் இறக்கையைத் தட்டிக்கொண்டே போனார். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் சத்தம் மழுங்கிவிடும். ஓரிடத்திலும் மழுங்கவில்லை. சொத்தை இல்லாத வாய்.

யார் வேலை என்றார். நானே தனியாகச் செய்தது என்றார் மாமா.

"தனியாவா? கம்பியோட அந்த முனைய யாரு பிடிச்சா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "கூலிக்கு ஒரு ஆள் வெச்சேன் டாக்டர்."

பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் கூலி ஆள்தான்.

முன் இறக்கையை வண்டியில் ஏற்ற, மாமா ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. பழக்கத்தில் "ஒன்னு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மே 6

மாமா என் அறை வாசலில் வந்து நின்றார். "சின்னப் பையன் ஒட்டினதுன்னு சொன்னா யாருடா வாங்குவா?" கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கோழிப்பண்ணைக்காரர் வாங்கியிருப்பாரு" என்றேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போய்விட்டார். என் குறும்பில் முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மே 10

வாத்துமடையனுக்கு மன்றத்தில் ஒரு செய்தி. 'நான் அனுப்பிய பக்கத்தில் உள்ளபடியே செய்த ஓர் இறக்கையை வாங்கியிருக்கிறேன். அந்தக் கூலி ஆள் யாரென்று ஊகித்துவிட்டேன். பெரிய இறக்கையை அறுக்கணும், மறுமுனைக்கு ஆள் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டு வா.'

மே 18

அம்மா கொண்டுவந்து விட்டாள். டாக்டரின் கொட்டகையில் ஒரு மூலையில் பின் சீட்டு சுவரில் சாய்ந்திருந்தது. கறுப்பு அடித்திருந்தது. மாமா எப்போது அடித்தாரோ.

டாக்டர் கம்பியின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. கம்பி சூடேறியது.

"ஒன்னு" என்றார்.

"ஒன்னு" என்றேன்.

"ரெண்டு."

"ரெண்டு."