கேட்டால் வலது கை

செப்டம்பர் 8, திங்கள்

காக்களூர் கம்பெனியில் இன்றோடு நூற்று நாற்பது பேர், எதை எந்தக் கையால் செய்கிறார்கள் என்று கேட்கும் என் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். இடது கைக்காரர் ஒருவர்கூட இல்லை. நூற்றுக்குப் பத்துப் பேர் வேண்டாம், ஐந்து பேராவது இருக்க வேண்டாமா? முன்னூற்று இருபது பேர் வேலை செய்யும் இடம். கார்களுக்கு ஒயர் கட்டுகிறவர்கள். கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்றுதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மனிதவள அதிகாரி குப்புராஜுக்கு ஒரே பெருமை. "நம்ம ஆளுங்க எல்லாருமே ரைட்டு மேடம். ஒரு கம்ப்ளைண்டு கிடையாது."

இடது கை என்பது புகாரா?

செப்டம்பர் 9

வழிகாட்டி சார் போன் செய்தார். குறைந்தது இருபது இடது கைக்காரர்கள் வேண்டும். நவம்பர் முப்பதோடு என் பிஎச்.டி. பதிவுக்காலம் முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது. ஏழு வருடப் படிப்பு.

செப்டம்பர் 17, புதன்

கடம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே என் கணவர் ரகு. "இன்னா திலகா, இன்னைக்காச்சும் ஒண்ணு மாட்டுச்சா?"

நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா? இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டேன்.

ஆராய்ச்சி என்னவோ எளிமையானதுதான். ஹெட்போனில் ஒரே நேரத்தில் வலது காதுக்குள் 'பா', இடது காதுக்குள் 'கா' ஒலிக்கும், அடுத்து வேறு ஜோடி. எது கேட்டது என்று சொல்ல வேண்டும். வலது கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வலது காதுதான் முந்தும், வலது காதின் ஒலி போய்ச் சேரும் இடப்பக்க மூளையில்தான் பேச்சும் இருப்பதால். இடது கைக்காரர்களில் சிலருக்கு இது மாறும். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. கேள்வி தயார், ஹெட்போன் தயார், தலைகள்தான் இல்லை.

செப்டம்பர் 25

இருநூற்றுப் பதினொன்று. பூஜ்யம். போதும்டா சாமி.

அக்டோபர் 1, புதன் — ஆயுத பூஜை

மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தார்கள். பிறகு விளையாட்டுப் போட்டி. காலி பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிப் பந்தால் அடிக்க வேண்டும். நான் சிறப்பு விருந்தினராம், முதல் வரிசையில் நாற்காலி.

போட்டியைத் தொடங்கிவைக்க முதல் பந்து குப்புராஜுக்கு. பந்தை வலது கையில் வாங்கினார். இடது கைக்கு மாற்றினார். ஒரே வீச்சு, மொத்த அடுக்கும் சரிந்தது.

நான் பொரியை மடியில் கொட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை. பொரிப் பொட்டலத்தின் மேலேயே பேனாவால் கோடு போட்டு எண்ணினேன். எறிந்தவர்கள் நூற்றுக்கும் மேல். இடது கையால் எறிந்தவர்கள் பதினொரு பேர். பதினொருவரும் என் பாரத்தில் 'எறிவது — வலது' என்று டிக் அடித்தவர்கள்! எழுதவும் சாப்பிடவும் கொடுக்கவும் வாங்கவும் வலது கையை யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். டப்பாவை அடிக்கத்தான் யாரும் பழக்கவில்லை.

ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு நாள் பார்த்திருக்கலாம்.

அக்டோபர் 3, வெள்ளி

பதினொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். எல்லோரும் கல்லுளிமங்கர்கள். "அது சும்மா வெளாட்டுக்கு மேடம்."

கடைசியாக ஞானம்மா அக்கா. டேப் சுற்றும் பிரிவு, நாற்பத்து நாலு வயது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நீ பாரம் குடுக்கறதுக்கு மின்னாடியே குப்புராஜ் சார் லைன் லைனா வந்து 'லெஃப்ட்டு யாருனா கீறீங்களா'னு கேட்டுட்டாரு மேடம். நாங்க பாதி பேரு கான்ட்ராக்ட்டு. லெஃப்ட்டுனா ஸ்லோனு கழட்டி வுட்ருவாங்கனு ஒரே பேச்சு. எவன் சொல்லுவான்?"

அட கடவுளே. எனக்கு உதவி செய்வதாக நினைத்து அவர் செய்த வேலை.

அக்கா தன் கதையைச் சொன்னார். பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டை எந்தக் கையால் நீட்ட வேண்டும் என்று அவருடைய அம்மா ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாராம். "இப்பவும் ஊட்ல யாரும் இல்லைனா பீச்சாங்கையாலதான் துன்னுவேன். அதுல துன்னாத்தான் துன்ன மாதிரி கீது." பிறகு குரலைத் தாழ்த்தி, "மூளைல எதுனா ராங்கா மேடம்?"

"ராங் எல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பக்கம், அவ்ளோதான்."

நம்பினாரா தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அக்டோபர் 6

குப்புராஜிடம் போனேன். போகும் வழியெல்லாம் ஒத்திகை. கோபித்துக்கொண்டு அனுமதியை ரத்து செய்துவிட்டால்? ஆள் பெயர் எதுவும் சொல்லாமல், பயந்துபோய் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு, "நீங்களும் இடது கையாலதான் எறிஞ்சீங்க சார்."

"அன்னைக்கு ரைட்டு ஷோல்டர்ல வலி மேடம்."

எனக்காகச் சொன்ன டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

சாப்பாட்டு நேரம். கான்டீனை ஒட்டிய என் அறைக்கு குப்புராஜ் வந்தார். "பயப்படாதீங்கனு நோட்டீஸ் ஒட்டுனா ஒருத்தனும் நம்ப மாட்டான். நான் மொதல்ல உட்கார்றேன். கதவைத் தொறந்து வைங்க."

திறந்து வைத்தேன். கான்டீனே கையில் சோற்றோடு பார்க்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பா... கா... கா... தா..." என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தார். முடித்ததும் எழுந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் லெஃப்ட்டுப்பா. பதினெட்டு வருசமா இங்கதான் வேலை பாத்துக்கினுகீறேன். உங்க யாரு வேலையும் போவாது" என்றார்.

மாலைக்குள் நாலு பேர். முதல் ஆள் ஞானம்மா அக்கா.

அக்டோபர் 22

தீபாவளி விடுமுறை முடிந்தது. பதின்மூன்று. ரகுவிடம் நானே சொன்னேன், மாட்டுச்சு என்று.

நவம்பர் 4, செவ்வாய்

முப்பத்தாறு!

சந்தோஷப்படுவதா பயப்படுவதா? இப்போதைக்குச் சோதனை இடது கைக்காரர்களுக்கு மட்டும்: ஏசி அறை, நாற்காலி, ஹெட்போன், அரை மணி நேரம் லைனில் நிற்க வேண்டாம், முடிந்ததும் டீ. செப்டம்பரில் ஒரு இடது கைகூட இல்லாத கம்பெனியில் இப்போது வலது கைக்குப் பஞ்சம். இந்தப் பொய்களோடு அனுப்பினால் ஏழு வருடமும் குப்பைதான்.

ஞானம்மா அக்கா சாப்பாட்டு நேரத்தில் ஒரு பந்தோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆள் வந்ததும் முன்னறிவிப்பே இல்லாமல் அவன் காலருகே உருட்டி, "எட்த்து போடு" என்கிறார். லோடிங் பிரிவு ஜெகன் யோசிக்காமல் வலது கையால் எறிந்துவிட்டு அசடு வழிய நின்றான். "போடா, போய் பொட்டி தூக்கு. மேடம் படிப்புல வெளாட்றியா?"

நவம்பர் 18

பழைய பாரங்களை ஓரங்கட்டிவிட்டு எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் சோதித்தோம். எறிவது, ஊசியில் நூல் கோப்பது, கத்தரிப்பது. பொய்யெல்லாம் கழித்து நிற்பவர்கள் இருபத்தொரு பேர். வலது கைக்காரர்களின் சோதனையும் முடிந்தது. முடிவுகளைச் சேர்த்து ஆய்வேட்டை சாருக்கு அனுப்பிவிட்டேன்.

சார் கேட்டார்: "இருபது போதும்னு தானே சொன்னேன்?"

"ஒண்ணு கொசுறு சார்."

நவம்பர் 27, வியாழன்

பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைப் பெற்றுக்கொண்டார்கள். ஹெட்போன்களை எடுத்துவரவும் நன்றி சொல்லவும் காக்களூர் போனேன். ஞானம்மா அக்காவிடம் அவருடைய முடிவைச் சொன்னேன். இடது காதுதான் முந்துகிறது. பேச்சு வலப்பக்க மூளையில் இருக்கலாம், கோளாறு இல்லை, சிலருக்கு அப்படித்தான். கேட்டுக்கொண்டார். "அப்ப எல்லாமே என் இஷ்டத்துக்குத்தான் கீதுனு சொல்லு."

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். கான்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீண்ட மேசை, இரண்டு பக்கமும் ஆட்கள், வாரச் சம்பளமா மாதச் சம்பளமா என்று பெரிய வாதம். அக்கா இடது கையால் சாம்பார் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் வாதத்தை நிறுத்தாமலேயே அவருக்கு அப்பளத்தை நகர்த்தினார்.

நான் மட்டும்தான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், துன்னு. ஆறிப்போவுது."