அத்தையைச் சிறைவைத்த தாழ்ப்பாள்

கோபக்காரிக்கு,

கடைக்குக் கிளம்புகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறது, சாவி ஆணியில். குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டேன். உன் அம்மா பெட்டியோடு மாலை வண்டி ஏறுவதற்குள் இதை அவர் காதில் போடு.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அத்தை வருகிறாரே, தாழ்ப்பாள் ஆடக்கூடாதே என்றுதான் அதன் கம்பி நுழையும் துளைக்குள் நைலான் புஷ், அதாவது ஒரு சின்னக் குழாய் வளையம், போட்டேன். நைலான் பாரம் தாங்கும், தேயாது. கடையில் நாள் முழுக்க அதைத்தான் புகழ்ந்து விற்கிறேன். ஈரத்தைக் குடித்து உப்பும் என்பதை மட்டும் வீட்டுக்கு வந்ததும் மறந்து தொலைத்தேன். மூன்று நாள் வெந்நீர் ஆவியில் அது பருத்துக் கம்பியைக் கவ்விக்கொண்டது. "மாப்பிள்ளை கடைச் சரக்கு ரொம்ப உறுதிடீ!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்தியது எதிர்வீடு வரை கேட்டது.

நேற்று அத்தை வெளியே வந்ததும், ரப்பர் போட்டிருக்கலாமே என்றாய். ரப்பர் நெகிழும், கசிவை அடைக்கும்; ஆனால் கம்பியை நகரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இப்போது போட்டிருப்பது அசிட்டால் என்ற வேறொரு பிளாஸ்டிக். நைலான் போலவே கெட்டி, தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது.

பி.கு: நம்பாவிட்டால், மாலையில் நானே வெந்நீரைத் திறந்துவிட்டு உள்ளே தாழிட்டுக்கொள்கிறேன். கதவு திறக்கும், ஆனாலும் தண்டனையாக உள்ளேயே இருக்கிறேன். அத்தை இருந்தது நாற்பது நிமிடம். இருபதுக்கு முடித்துக்கொள்வாரா, கேட்டுப் பார்.

இன்னொன்று: நாற்பதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கமாட்டேன் என்று அத்தை சொன்னாலும் சம்மதம். நீ வெளியே நின்று திட்டிக்கொண்டிருந்தால் போதும். நேற்றிலிருந்து உன் குரலே கேட்கவில்லை.