இருபத்தொன்பதாம் நாள்

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அதனால் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அழுகைதான் வரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் வந்து அழுதுடுங்க, அழுதுட்டா பாரம் குறையும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே அழுதுவிட்டுப் போனாள், நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். உனக்கு அங்கே குளிர் விட்டதா, அந்தப் பச்சை ஸ்வெட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், பார்சல் அனுப்புகிறேன்.

நீ போன் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது. கோபப்பட்டு எழுதவில்லை, எண்ணுவது எனக்குத் தொழில், கை தானாக எண்ணிவிடுகிறது. டாக்ஸி வாசலில் நிற்கும்போது, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ கேட்டாயே, உனக்குத் தெரியாம எப்படிம்மா போச்சு, பட்டாளத்து ஆஸ்பத்திரியில இருக்கிற அத்தனை பேர் வயித்தையும் எண்ணுறே, அப்பா வயித்தை மட்டும் எண்ணலியா என்று. அன்றைக்கு நிஜமாகவே எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக் அதிகம் சாப்பிட்டவர்கள் குடலில் ஒரு கிருமி வந்து உட்காரும், பேதி நிற்காது, வயதான பழைய பட்டாளத்துக்காரர்கள்தான் அதற்கு லட்டு மாதிரி கிடைப்பார்கள். யாருக்கு வந்தது, எந்த வார்டு, எத்தனையாவது நாள் என்று நான் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரி முழுக்க எனக்குப் பேதி அம்மா என்று பெயர் வைத்திருப்பதும் உனக்குத் தெரியும், அப்பாதான் அதைக் கேட்டுவிட்டு வந்து ஒரு வாரம் சிரித்தார். இதில் ஒரு விதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி இருபத்தெட்டு நாளுக்குள் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் அது எங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த தொற்று. இருபத்தொன்பதாம் நாள் தெரிந்தால் வெளியில் பிடித்த தொற்று, வேறு பத்தியில் போய்விடும். வாசலில் ஒரு பலகை உண்டு, புதிய தொற்று இல்லாமல் இத்தனை நாள் என்று தினமும் காலையில் நான்தான் எண்ணை மாற்றுவேன், எங்கள் கணக்கில் ஒன்று விழுந்தால் மறுபடி பூஜ்யம். இருநூறு தாண்டியபோது சூப்பிரண்டு எல்லோருக்கும் கேக் வாங்கினார். நான் ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தேன். தினமும் சாப்பிடும்போது இதே பேச்சுதான், இன்னைக்கு இருநூத்தி மூணு, இன்னைக்கு இருநூத்தி நாலு. வேறு என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அப்பா எங்கள் ஆஸ்பத்திரியிலேயே குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், தையல் போட்ட இடம் சிவந்து அதற்கு மாத்திரை சாப்பிட்டதும் நீ அறிந்ததே. அதன்பிறகு நன்றாகத்தான் இருந்தார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தால் பின்பக்கத்துக் கழிப்பறை பளபளவென்று இருக்கிறது, ப்ளீச் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பரவாயில்லையே, ரிட்டையர் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பவாவது புத்தி வந்துச்சே என்றேன். பட்டாளத்துல நான் கழுவாத கக்கூஸாடி என்றார். மறுநாளும் கழுவியிருந்தார், அதற்கு மறுநாளும். நான் சந்தோஷப்பட்டேன், வாலு. ஆஸ்பத்திரியில் போய்ப் பெருமையடித்தேன். அந்தக் கிருமிக்கு ப்ளீச்தான் மருந்து என்று அவருக்குச் சொன்னவளே நான்தான். முகம் வாடியிருக்கே என்று கேட்டேன், வெயில் என்றார். சாப்பாடு இறங்கலியா என்றேன், உன் சமையலை இத்தனை வருஷம் இறக்கினதே பெரிசு என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஷூவுக்கு லேஸ் கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயிறு சரியில்ல, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். எப்ப இருந்து என்று கேட்டேன். நேத்து ராத்திரியிலிருந்து என்றார். எழுந்து நிற்கப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் நீ வந்து பார்த்ததுதான். ஏழு நாள், போய்விட்டார். டாக்டர் உன்னிடம் சொன்னாரே, நாலு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே போயிருக்கும் என்று. அதை வைத்துத்தானே நீ கேட்டாய்.

போன வியாழக்கிழமை அந்தக் கழிப்பறையைக் கழுவப் போனேன். கதவின் உள்பக்கம் அவர் காலண்டர் தொங்குகிறது. பட்டாளத்தில் லீவுக்கு நாள் எண்ணிய பழக்கம் அவருக்குப் போகவேயில்லை, டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். இருபத்து நாலாம் நாள் கட்டத்தில் சின்னதாக இரண்டு கோடு. அடுத்த நாள் நாலு. அப்புறம் ஏழு, ஒன்பது. இருபத்தெட்டில் பதினோரு கோடு, கட்டத்தில் இடமில்லாமல் ஓரத்துக்குப் போயிருக்கிறது. இருபத்தொன்பதைச் சுற்றி ஒரு வட்டம். அந்தப் புதன்கிழமை. என் பதிவேட்டில் நான் போடுகிற மாதிரியே ஒரு தடவைப் பேதிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார், ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து.

என் பலகை கெட்டுப் போகக் கூடாது என்று ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாவி மனுஷன். அவர் நினைத்தபடியேதான் நடந்தது. அவருடைய பரிசோதனை முடிவு என் மேஜைக்கு வந்தது, நானே அதை வெளியில் பிடித்த தொற்று என்ற பத்தியில் எழுதினேன், மறுநாள் பலகையில் ஒன்று கூட்டினேன். உன் அப்பா ஐசியுவில் கிடக்கும்போது கூட்டினேன், செத்த அன்றைக்கு மட்டும்தான் வேறு யாரோ கூட்டினார்கள்.

காலண்டரைச் சுருட்டிச் சூப்பிரண்டிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனுஷர், ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் விதிப்படி பரிசோதனைத் தேதிதாம்மா கணக்கு, நீங்க எழுதினது சரிதான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்றார். சரி என்றேன். பதிவேட்டை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் பலகை என் கையில்தானே இருக்கிறது. வெளியே போய் எண் அட்டைகளைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினேன். வார்டு ஆயா ஐயோ என்னம்மா ஆச்சு என்று ஓடிவந்தாள். யாருக்கு வந்துச்சு என்று கேட்டாள். எங்க வீட்டுக்காரருக்கு என்றேன். சூப்பிரண்டு சாயங்காலம் அந்த வழியாகப் போனார், பார்த்தார், பூஜ்யத்தை அப்படியே விட்டுவிட்டார். இன்றைக்குப் பலகையில் நாலு.

இப்போது நான் சாப்பிடும்போது எந்த எண்ணையும் சொல்வதில்லை, சொல்ல ஆளும் இல்லை. நீ கேட்டது நியாயமான கேள்விதான். கோபம் ஆறும்வரை பேசாமல் இரு, பரவாயில்லை. ஆனால் என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று எதையாவது மறைத்துவிட்டு மட்டும் பேசாமல் இருக்காதே, நீ அச்சு அசல் அப்பா பெண். சோப்புப் போட்டுக் கை கழுவு, அந்த ஜெல்லுக்கு இந்தக் கிருமி சாகாது. டாக்டர் எழுதாமல் ஆன்டிபயாடிக் வாங்காதே. நல்லா இரு, நூறு வயசு இரு. வயிறு சரியில்லை என்றால் முதல் தடவையே அம்மாவுக்குப் போன் செய், நான் டூட்டியில் இருந்தாலும் செய்.

உன்னையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள நினைக்கும்,
அம்மா

ஸ்வெட்டரோடு அந்தக் காலண்டரையும் வைக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடு, அவர் கையெழுத்து என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.