மந்திச்சோலை ஏரியின் கிழக்குக் கரை

ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி "ஏய் மாப்ள!" என்று என்னைக் கூப்பிடுவாயே, அந்த என் அருமை மச்சான் சுப்பையாவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். யானைமலை தெரிகிறது மச்சான்! நீ எழுதினது அத்தனையும் நிஜம். செத்தவனிடம் சுகம் விசாரிக்கிறானே என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. கொடைக்கானல் மலைக்கு மேலே, யாரும் போகாத மந்திச்சோலை ஏரியைப் பற்றி பல வருஷத்துக்கு முன்னால் முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டாயே, அதனால் உனக்குக் கிடைத்தது என்ன? கெட்ட பேர்தான். ஏரிக்கரைப் பாறையில் ஏறி நின்றால், மேகம் விலகும்போது நம் ஒத்தக்கடை யானைமலை படுத்திருப்பது தெரியும் என்று எழுதினாய். வழிக்கு, ஏரியின் வரைபடம் ஒன்றைப் போட்டு, படத்தைப் பார்த்து நடக்கவும் என்று ஒரே வரி. அந்தப் படத்தை அச்சடிக்க மரக்கட்டை செதுக்கினவன் நான், பிரஸ்ஸில் அது என் வேலை.

வாசகசாலைக்காரர்கள் நாலு பேர் அதை நம்பிப் போனார்கள். முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, அட்டைக்கடியோடு திரும்பி வந்தார்கள். "வீட்டுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு எழுதுனா இப்படித்தான்யா இருக்கும்" என்று போனவர்களில் ஒருவரான அந்த வக்கீல் குமாஸ்தா எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து நீ புளுகு சுப்பையா. நானும் சும்மா இருந்தேனா? "நெசமாவே போனியா மச்சான்?" என்று கேட்டேனே, பாவி! நீ கோபப்படவில்லை. வெற்றிலை இருந்தால் கொடு என்றாய்.

உன் சாவுக்கு வந்த ஒருவர் தெருமுனையில் நின்று, புளுகு சுப்பையா வீடு எது என்று கேட்டிருக்கிறார். அது உன் தங்கை காதில் விழுந்துவிட்டது. பேச்சியைத்தான் உனக்குத் தெரியுமே, பிடித்தால் உடும்புப்பிடி. "எங்கண்ணன் பொய் சொன்னானா இல்லையா, எனக்குத் தெரிஞ்சாகணும். நீங்க வரலைன்னா நான் ஒத்தையில போறேன்" என்று மூட்டை கட்டிவிட்டாள்.

மதுரையில் ரயில் ஏறியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. அம்மையநாயக்கனூரில் இறங்கி மலைக்கு பஸ் ஏறியதும், முதல் கொண்டை வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். மேலே ஒரு ராத் தங்கி, விடியற்காலையில் நடக்கத் தொடங்கினோம். குளிருக்கு இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். என்ன இடம் மச்சான் அது! சோலைக்குள்ளே மரமெல்லாம் பாசி பிடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கிறது, தலைக்கு மேலே கருமந்திகள் ஊம் ஊம் என்று கத்துகின்றன. சோலை முடிகிற இடத்தில் சட்டென்று ஏரி! எம்புட்டுத் தெளிவு! "யாத்தே!" என்று பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் படத்தைப் பார்த்து நடந்தோம். நேராகச் சேறு. அதே அட்டைகள். பாறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேச்சி முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவளோ காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கத்தினாள்.

"ஏங்க, மதுரை நமக்குக் கெழக்கதான இருக்கு? சூரியன் அங்கிட்டுக் கெளம்புது, நீங்க இங்கிட்டு இழுத்துக்கிட்டு வாரீக!"

படத்தைப் பார்த்தேன். ஏரியைப் பார்த்தேன். படத்தில் ஏரியின் வால் இடது பக்கம் நீண்டிருந்தது, கண்ணெதிரே அது வலது பக்கம் நீண்டு கிடந்தது. அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். வால், ஓடை, பாறை எல்லாம் அச்சாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன!

அச்சில் நேராக விழவேண்டுமென்றால் கட்டையில் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். படத்திலுள்ள எழுத்துகளை அப்படித்தான் செதுக்கியிருந்தேன், அது தூக்கத்திலும் வரும். ஏரியை மட்டும் நீ வரைந்து கொடுத்தபடியே செதுக்கித் தொலைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் சரியாக இருந்ததால் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

கிழக்குக் கரைக்கு ஓடினோம், இந்த வயதில்! அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் உன்னை நினைவு வைத்திருக்கிறார். "இருமிக்கிட்டே ஒருத்தர் வருவாருங்க, கல்லக் கல்ல எண்ணுவாரு" என்றார். யாரோ துரை மீன் பிடிக்க வெட்டிய ஏரி என்று ஊரில் பேசுவார்களே, அதற்கு முன்னாலேயே மலைக்காரர்கள் எருமைக்காக ஓடையை மறித்துப் போட்ட அணை என்று நீ எழுதியிருந்தாய். அந்தப் பழைய கல்வரிசையைத் தண்ணீருக்குள் பெரியவர் காட்டினார். தன் பாட்டன் போட்டதாம்.

பாறையில் ஏறினோம். ஒரே மேகம். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று திரை விலகியது. கீழே சமவெளி, வெள்ளிச் சரிகையாக வைகை, அதற்கும் அப்பால் தும்பிக்கையை நீட்டிப் படுத்த நம் யானைமலை! "அண்ணே! தெரியுதுண்ணே!" என்று பேச்சி போட்ட சத்தத்தில் எருமைகள் மிரண்டன. அழுகிறாள், சிரிக்கிறாள், என் தோளில் அடிக்கிறாள்.

அப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன், தப்பு என் கையில் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புத்தகம் வந்தப்ப அண்ணன் பார்க்கலையாக்கும்?"

பார்த்தாய் மச்சான். முதல் பிரதியை உன் கையில் கொடுத்தவனே நான்தானே. படப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாய். அந்த மாதம்தான் பிரஸ்ஸில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். பேச்சிக்கு ஏழாம் மாதம். நீ நிமிர்ந்து பார்த்து, "பிரமாதமா வந்துருக்கு மாப்ள" என்றாய்.

அந்த ஏரியை அங்குலம் அங்குலமாக நடந்தவன் நீ. உனக்கா தெரியாமல் போயிருக்கும்? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஊர் திரும்பிய கையோடு புதுக்கட்டையைச் செதுக்கத் தொடங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் எல்லாரும் இருப்பார்கள். பேச்சியைக் கூட்டிக்கொண்டு போய், குமாஸ்தா முன்னால் நின்று, தப்புச் செய்தவன் நான் என்று சொல்லப்போகிறேன். பிரஸ் முதலாளியும் வருவார். வேலை போனால் போகட்டும், மச்சான்.

உன் தங்கையைக் கட்டிய,
உன் மாப்ள அழகர்சாமி