சிப்பி மேஜையில் கண் திறந்தவள்

9 ஆகஸ்ட் 1964, ஞாயிறு. மரைன் ஹில்.

என் முகத்தையே கண்ணாடியில் பார்த்து வரைந்த படம் அது. என் கறுப்பைக் கொஞ்சமும் வெளுக்கவில்லை. கண்களை எப்போதும் கடைசியில்தான் வைப்பேன். இந்த மழையில் எண்ணெய் வர்ணம் காயாததால், கண் வைக்காமலே கிளப் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால், நவீன ஓவியச் சுவர் முழுக்க, மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த ஆண்களின் படங்கள். என்னுடையது கைவேலை மேஜையில், சிப்பி விளக்குகளுக்கு நடுவே கிடந்தது.

"இது கைவேலையா சார்?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"சுவத்துல ஜகா இல்லம்மா, எடமே இல்ல. லேடீஸ் ஐட்டமெல்லாம் இந்த மேஜைதான். கண்ணுகூடப் போடாம அனுப்பிட்டு, என்ன கேக்குறீங்க?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை. சாயங்காலம் கணவரோடு போய்ப் படத்தைத் திரும்ப எடுத்தேன். முகத்தில் இரண்டு கண்கள் இருந்தன. தொட்டால் விரலில் வர்ணம் ஒட்டியது. இமையின் வளைவு என் கைவளைவேதான்.

"நீயே போட்டுட்டு மறந்திருப்பே. சலோ, மழை வருது," என்றார் அவர்.

தூரிகைகள் வீட்டுப் பெட்டியில் பூட்டியிருந்தன. வந்து திறந்தேன். மெல்லிய தூரிகை மட்டும் ஈரமாக இருந்தது.

கண்ணாடி பார்த்து வரைந்த முகம் வரைந்தவளைத்தான் பார்க்கும். இவள் பார்க்கவில்லை. படத்தை எங்கே வைத்தாலும், கிளப் இருக்கும் பக்கமே பார்க்கிறாள்.

கண்காட்சி இன்னும் முடியவில்லை. காலையில் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, இவளை அந்தச் சுவரில் மாட்ட நானே போக வேண்டும். நான் போகாவிட்டால் அவள் போய்விடுவாள்.