சூளை விற்பனைக்கு இல்லை

ஏங்க, இந்தச் சீட்டோடு மின்விசிறிக்கு அடியில் வந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். இதில் கள்ளி நான்தான்.

முந்தாநாள் வீடு கூட்டும்போது, நீங்கள் கண்ணாடித் தட்டு செய்யும் மண் அச்சில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அந்தப் பூச்சு இருந்தால்தான் உருகும் கண்ணாடி அச்சில் ஒட்டாதென்று எனக்கெங்கே தெரியும்? நேற்றுச் சூளையைத் திறந்தால் தட்டு அச்சோடு ஒட்டி வெடித்துக் கிடந்தது.

"பூச்சுப் பூசுனதா நெனச்சேன், பூசவே இல்ல போல. எனக்கு நெனப்புத் தப்புது சின்னத்தாயி. சூளைய வித்துருவோம்" என்றீர்கள். ஏச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் நினைவு தப்பவில்லை. நீங்கள் பூசினீர்கள், நான் துடைத்தேன். பத்து மணிக்கு விருதுநகரிலிருந்து சூளையைப் பார்க்க வருகிறவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னொரு அச்சு அலமாரியில் இருக்கிறது. இன்றே பூசி, நன்றாகக் காயவிடுங்கள். இனி அந்தப் பக்கம் துணியோடு வரமாட்டேன்.

காரியாபட்டிப் பள்ளிக்கூடத்தில் கதை சொல்லிவிட்டுச் சாயங்காலம் வருவேன்.

மறந்துவிட்டேன்: சோற்றுப்பானை மேல் பருப்புத் துவையல் இருக்கிறது. கோபமென்றாலும் சாப்பிடுங்கள்.

இந்த வீட்டுச் சூளை சூடாறாமல் இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு நீண்ட ஆயுசும், வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் புத்தியும் கிடைக்கட்டும்.